தேயிலைத் தோட்டத்தில் புது சூப்பர்வைசர்: குணமறிந்து ஆட்களை நடத்தும் முறை, படிப்படியாக

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முதன்முறையாக சூப்பர்வைசர் பொறுப்புக்கு வருபவர்களுக்கான வழிகாட்டி இது. வேலை தெரிந்தவர் என்பதால்தான் உங்களை உயர்த்தியிருப்பார்கள். கவாத்தும் டிரையர் சூடும் உங்களுக்குப் பழக்கம். புதியவர்கள் தடுமாறுவது ஆட்களிடம்தான், அதுவும் பெரும்பாலும் வரிசை தப்புவதால். பொறுப்பேற்ற முதல் நாளே எல்லாரையும் திருத்தக் கிளம்பிவிடுகிறார்கள்.

சரியான வரிசை இதுதான்: முதலில் உங்கள் கோபம், அடுத்து கவனிப்பு, பிறகு வேலை மாற்றம், கடைசியில் பேச்சு. ஒருவருடைய சுபாவத்தை உங்களால் மாற்ற முடியாது. அவருக்குக் கொடுக்கும் வேலையை மாற்றலாம், சொல்லும் நேரத்தை மாற்றலாம், சொல்லும் விதத்தை மாற்றலாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான். இனிக்க இனிக்கப் பேசச் சொல்லும் வழிகாட்டி என்று நினைக்க வேண்டாம், கண்டிப்புக்கும் இதில் இடம் உண்டு.

1. பொறுப்பேற்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பாக்கெட் நோட்டு, இரண்டு பட்டியல், ஒரு கேள்விக்குப் பதில். இவ்வளவு போதும்.

முதல் பட்டியல், ஆட்களுடையது. மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) உள்ள பெயரும் ஊர் கூப்பிடும் பெயரும் பல சமயம் வேறாக இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பக்கத்தில் வீட்டில் பேசும் மொழி: தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், ஜார்க்கண்ட் ஒடிசா பக்கமிருந்து வந்தவர்கள் என்றால் இந்தி அல்லது சாதிரி. யார் யாருக்கு உறவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமியாரும் மருமகளும் அடுத்தடுத்த வரிசையில் கொழுந்து எடுப்பார்கள். மருமகளை மாமியார் காதுபடக் கண்டித்தால் அந்தப் பேச்சு லைன் வீடு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரை போய், மறுநாள் இரண்டு பேர் வேலைக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது பட்டியல், கடந்த மூன்று மாத மஸ்டரிலிருந்து எடுப்பது. யார் எந்தக் கிழமை வருவதில்லை, யார் எடை மழைக்காலத்தில் மட்டும் குறைகிறது என்று பாருங்கள். இதில் தெரிவதை யாரிடமும் இப்போது கேட்க வேண்டாம், கவனிக்கும்போது பயன்படும்.

மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "என் அதிகாரத்தில் என்னென்ன செய்யலாம்?" அரை நாள் லீவு கொடுக்கலாமா, ஃபீல்டு மாற்றலாமா, ஷிப்டு மாற்றலாமா, ஈர இலைக்கு எடையில் எவ்வளவு கழிப்பது என்று யார் முடிவு செய்வது? இந்தப் பதில் இல்லாமல் போனால், முதல் வாரத்திலேயே இரக்கப்பட்டு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற முடியாமல் நிற்பீர்கள். கொடுத்து மீறிய வாக்கு, ஆரம்பத்திலேயே மறுத்ததைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

கூப்பிடும் முறையையும் முன்பே முடிவு செய்யுங்கள். வயதில் மூத்தவர் என்றால் அக்கா, அம்மா, அண்ணா, பெரியவரே. இளையவர் என்றால் பெயர், கூடவே "வாங்க, போங்க". வடமாநிலப் பெண்களுக்கு "தீதீ". நேற்று வரை கூட நின்று வேலை செய்த நண்பரை இன்று மட்டும் "டேய்" என்று மற்றவர்கள் முன் கூப்பிட்டால், எல்லாரையும் அப்படிக் கூப்பிடும் உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறார் என்று பேசுவார்கள். பழகிய பேச்சைத் தேநீர்க் கடையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதல் இரண்டு வாரம்: உங்கள் கோபத்துக்குக் கணக்கு எழுதுங்கள்

பத்து வேலை நாட்களுக்கு, கோபமோ எரிச்சலோ வந்த ஒவ்வொரு முறையும் நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி, என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது (காது சூடானதா, தாடை இறுகியதா, குரல் ஏறியதா), என்ன சொன்னீர்கள். ஒரு வரி போதும்.

பத்து நாள் முடிந்து படித்தால், கோபம் எல்லா நேரமும் வருவதில்லை என்று தெரியும். காலை மஸ்டர் (ஆட்களின் வருகை எடுக்கும் நேரம்), இலை எடை போடும் நேரம், மேனேஜர் போனுக்குப் பின் வரும் அரை மணி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலோ இரண்டிலோ குவிந்திருக்கும். குளிரில் வெறும் வயிற்றோடு மஸ்டருக்கு நிற்பதும் ஒரு காரணமாகத் தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் மருந்து இரண்டு இட்லிதான்.

கோபத்தை வந்த பிறகு அடக்குவதைவிட, அது வரும் இடத்தை முன்பே மாற்றி வைப்பது சுலபம். உணர்ச்சிக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன: முகத்தை மட்டும் அடக்கிக்கொள்பவருக்கு உள்ளே கோபம் குறைவதில்லை, எதிராளி சொன்னதும் சரியாக நினைவில் நிற்பதில்லை. நடந்ததை வேறு கோணத்தில் எண்ணிப் பார்ப்பவருக்கு உணர்ச்சியே தணிகிறது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதை நம்ப வேண்டாம்.

செய்யக்கூடிய மாற்றங்கள்:

மேனேஜரிடம் வாங்கிய திட்டை நேராக ஃபீல்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் இருபது நிமிடம் வேறு வேலை வையுங்கள், ஸ்டோர் சரிபார்ப்போ வேறு எதுவானாலும் சரி. மேலிருந்து வந்த சூடு அப்படியே கீழே இறங்கும் தோட்டத்தில், தவறுகள் மேலே வருவது நின்றுவிடும்.

கோபம் வந்துவிட்ட அந்த நிமிடத்தில், எண்ணைக் கேட்கும் ஒரு கேள்வி கேளுங்கள். "எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?" "எத்தனை மூட்டை பாக்கி?" அவர் பதில் சொல்லும் நேரம் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்று ஆரம்பித்தால் எதிராளி காரணம் சொல்வார், நீங்கள் சாக்கு என்பீர்கள், சண்டை தொடங்கிவிடும்.

பொதுவான பிழை: இந்தப் படியைத் தாண்டிப் போவது. "எனக்குக் கோபமே வராது" என்பவர்கள்தான் பெரும்பாலும் தாண்டுவார்கள். அவர்களுக்குக் கோபம் குத்தல் பேச்சாக வரும். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

3. மூன்றாம், நான்காம் வாரம்: கவனியுங்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள்

நோட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "சோம்பேறி" என்று எழுதக் கூடாது. "பதினோரு மணிக்கு மேல் சரிவான வரிசையில் வேகம் குறைகிறது, சமதளத்தில் குறையவில்லை" என்று எழுதலாம். முதலாவது எழுதினால் திட்டுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது எழுதினால் முழங்கால் வலியா என்று கேட்கத் தோன்றும்.

நாம் தாமதமாக வந்தால் பஸ் வரவில்லை என்போம், அடுத்தவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர் என்போம். எல்லா மனிதருக்கும் உள்ள சாய்வு இது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும் முன் அவரை மூன்று விதமான நாட்களில் பார்த்திருக்க வேண்டும். வெயில் நாள், மழை நாள், இலை குவிந்து எல்லாரும் தவிக்கும் நாள்.

எதைப் பார்ப்பது? உளவியலில் ஆளுமையை அளக்கப் பயன்படுத்தும் ஐந்து பண்புகளை வேலைத்தளத்துக்கு ஏற்ப இப்படி எடுத்துக்கொள்ளலாம். சொன்னதைச் சொன்னபடி முடிக்கிறாரா (பொறுப்பு)? கூட்டத்தில் தெம்பு கூடுகிறதா, குறைகிறதா (கலகலப்பு)? மற்றவருக்காக விட்டுக்கொடுக்கிறாரா (இணக்கம்)? சின்ன மாற்றத்துக்கும் கலங்குகிறாரா (பதற்றம்)? புது முறை என்றால் கிட்ட வருகிறாரா, விலகுகிறாரா (புதுமை நாட்டம்)? ஒவ்வொன்றும் கூடக்குறைய எல்லாரிடமும் உண்டு. ஆகவே ஆட்களை ஐந்து வகையாகப் பிரித்துவிடாதீர்கள். பயிற்சி வகுப்புகளில் நான்கு நிறம், பதினாறு வகை என்று தேர்வு வைத்து ஆளுக்கொரு முத்திரை கொடுப்பார்கள். சில வாரம் கழித்து அதே ஆள் எழுதினால் பலருக்கு வேறு முத்திரை வரும். பொழுதுபோக்குக்குச் சரி, வேலை பிரிக்க உதவாது.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. மேலே இருப்பவர் முன் தலையாட்டிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். புது வேலையைச் சொன்னதும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "சரிங்க சார்" என்பார்கள். "முதல்ல எந்த வரிசையில ஆரம்பிக்கப் போறீங்க, அக்கா?" என்று கேளுங்கள். புரிந்திருந்தால் பதில் வரும்.

4. குணத்துக்கு ஏற்ற இடம்

இப்போதுதான் வேலை மாற்றத்தில் கை வைக்க வேண்டும், அதுவும் ஒரு வாரத்துக்கு ஓரிருவர் என்ற கணக்கில். ஒரே நாளில் எல்லாரையும் மாற்றினால் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பொறுப்பு மிகுந்தவரை டிரையர், வாட்டும் தொட்டி, ஃபெர்மெண்டிங் நேரக் கணக்கு ஆகியவற்றில் வையுங்கள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில், அரைத்த இலையை நிறம் மாறவிடும் ஃபெர்மெண்டிங் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை. பத்து நிமிடக் கவனப்பிசகே கோப்பையில் தெரியும். எச்சரிக்கை ஒன்று: இவரிடம் எதைக் கொடுத்தாலும் முடியும் என்பதால் எல்லாவற்றையும் இவர் தலையிலேயே கட்டுவோம். ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார். புது வேலை ஒன்று கொடுக்கும்போது பழையது ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இணக்கம் மிகுந்தவரைத் தராசில் உட்கார வைக்காதீர்கள். கெஞ்சினால் மனசு கேட்காமல் அரைக் கிலோ கூட எழுதுவார், பிறகு கணக்கு இடிக்கும்போது பழி இவர் மேல் விழும். புதிதாக வந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க இவரைவிட நல்ல ஆள் கிடையாது.

பதற்றக்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்க வேண்டாம். பெல்ட்டில் சத்தம் மாறினால் முதலில் கேட்பது இவர் காதுதான். இரவு ஷிப்டில் தனியாக விடாதீர்கள், மாற்றத்தை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

கலகலப்பானவருக்குச் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை கொண்டுவரும் இலை வாங்கும் இடம் பொருந்தும். புதுமை நாட்டம் உள்ளவரிடம் கொழுந்து வெட்டும் மெஷினை முதலில் கொடுத்துப் பாருங்கள், அவர் கையில் ஓடினால் மற்றவர்கள் தாமாகக் கேட்டு வருவார்கள்.

உங்கள் குணத்தையும் கணக்கில் சேருங்கள். கலகலப்பான ஆள்தான் தலைவர் ஆக முடியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆட்கள் தாமாக யோசனை சொல்லும் குழுவில், அதிகம் பேசாமல் கேட்கும் மேலாளரின் கீழ் வேலை நன்றாக நடந்ததை 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் அமைதியானவர் என்றால் குரல் உயர்த்தப் பழக வேண்டியதில்லை, மஸ்டரில் சொல்ல வேண்டியதை நான்கு வரியில் எழுதிவைத்துச் சொன்னால் போதும்.

5. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம்

இதை முதல் வாரத்தில் செய்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். ஒரு மாதம் உங்களைப் பார்த்த பிறகு செய்யுங்கள். மூன்று கேள்வி போதும்: இந்த வேலையில் எது கஷ்டமாக இருக்கிறது, எதை மாற்றினால் சுலபமாகும், எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா. சம்பளம், கடன், வீட்டுச் சண்டை பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், எழுதாதீர்கள்.

பெண் தொழிலாளரிடம் பேசும் இடம் எல்லார் கண்ணுக்கும் தெரியும் திறந்த இடமாக, பேச்சு மட்டும் கேட்காத தூரமாக இருக்கட்டும். மூடிய ஆபீஸ் அறை கூடாது, லைன் வீட்டு வாசலும் கூடாது. அவருக்கும் உங்களுக்கும் அது பாதுகாப்பு.

ஒரு குழுவில் பாதிப் பேரிடம் பேசிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மீதிப் பேர் தங்களைப் பற்றித்தான் புகார் போயிருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள்.

6. தவறைச் சொல்லும் முறை

ஆபத்து என்றால் வரிசை எதுவும் இல்லை. ஓடும் ரோலர் பக்கம் கை போனால் கத்தி நிறுத்துங்கள், மரியாதையைப் பிறகு சரிசெய்யலாம்.

மற்றவற்றுக்கு: அதே நாளில், தனியாக, மூன்று பகுதியாக. பார்த்தது, அதனால் என்ன ஆகிறது, இனி என்ன வேண்டும்.

"அக்கா, இன்னைக்கு உங்க சாக்குல முத்தின இலை நிறைய இருந்துச்சு. அது ரோலர்ல சரியா அரைபடாது, நார் கூடிப் போகுது. நாளைக்கு ரெண்டு இலை ஒரு மொட்டு மட்டும் பாத்து எடுங்க. அந்த ஃபீல்டுல ரவுண்டு தள்ளிப்போனதால இலை முத்திருச்சா, இல்ல வேற ஏதாவது சிரமமா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். ரவுண்டு (ஒரே ஃபீல்டில் மறுபடி கொழுந்து எடுக்கும் முறை) தள்ளிப்போனது உங்கள் திட்டத்தின் பிழையாக இருக்கலாம், அப்படியானால் அவரைத் திருத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிழைகள் மூன்று. முதலாவது, ஒருவர் செய்ததற்கு எல்லாரையும் நிற்க வைத்துத் திட்டுவது. செய்தவர் தப்பிப்பார், செய்யாதவர் புண்படுவார். இரண்டாவது, முன்னும் பின்னும் புகழ்ந்து நடுவில் குறையைச் செருகுவது. சிலருக்குப் புகழ்ச்சி மட்டும் காதில் விழும், மற்றவர்கள் பிறகு நீங்கள் எப்போது பாராட்டினாலும் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருப்பார்கள். மூன்றாவது, பழைய கணக்கை எடுப்பது. போன தீபாவளிக்கு நடந்ததை இன்று சொன்னால், இன்று நடந்தது மறந்துபோய்விடும்.

7. எடைத் தகராறு

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்ற பாதி வேலை மிச்சம். நாள் முழுதும் முதுகில் சுமந்த உழைப்பு எண்ணாக மாறும் இடம் தராசு. அங்கே வரும் கோபம் அரைக் கிலோவுக்காக வருவதுபோலத் தெரியும். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்தான் உள்ளே இருக்கும். சமாதானப் பேச்சைவிட ஏற்பாடு அதைத் தணிக்கும்.

எடை தொடங்கும் முன் வெறும் தராசு பூஜ்யம் காட்டுவதை வரிசையில் முதலில் நிற்கும் இருவருக்குக் காட்டுங்கள். வெறும் சாக்கை எடைபோட்டு அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். எண் தெரியும் பக்கம் தொழிலாளியைப் பார்த்து இருக்கட்டும். எடையை வாய்விட்டுப் படித்து, அவர் பார்க்கும்போதே எழுதுங்கள்.

மழைக்காலத்தில் ஈரத்துக்குக் கழிப்பதுதான் பெரிய வில்லங்கம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதலும் இது தினசரிப் பிரச்சினை. அன்றைக்கு எவ்வளவு கழிவு என்பதை முதல் சாக்கு தராசில் ஏறும் முன் முடிவுசெய்து அறிவிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் சாக்கைத் தொட்டுப் பார்த்துக் கழித்தால், கை நியாயமாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் சத்தம் போட்டால், முதலில் முழுதாகப் பேசவிடுங்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வேகம் குறைந்துவிடும். "அமைதியா இருங்க" என்று சொல்லக் கூடாது, எண்ணெய் ஊற்றியது போல் ஆகும். அவர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள்: "பதினெட்டு இருக்கணும்னு சொல்றீங்க, பதினாறரை எழுதியிருக்கு. சரிதானே?" தான் சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்ததும் குரல் இறங்கும். பிறகு மறு எடை. தவறு உங்களுடையது என்றால் அதே கூட்டத்தின் முன் திருத்தி எழுதுங்கள், ஆபீஸில் போய்ச் சரிசெய்கிறேன் என்று சொல்லாதீர்கள். எடை சரிதான் என்றால் எண்ணை மட்டும் சொல்லி அடுத்த சாக்கை எடுங்கள். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்ற ஒரு வரி, அடுத்த மாதம் வரை உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

8. கெட்ட செய்தி சொல்வது

நாளைக்கு வேலை இல்லை, ஓவர்டைம் நிறுத்தம், ஃபீல்டு மாற்றம். எதுவானாலும் வதந்திக்கு முன் போய்ச் சேர வேண்டும். லாரி டிரைவருக்குத் தெரிந்த பிறகு நீங்கள் சொன்னால் மறைத்தீர்கள் என்றுதான் அர்த்தம். முடிவு, காரணம், எப்போது மறுபடி சொல்வேன் என்ற தேதி, இந்த மூன்றும் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

காட்டெருமையோ யானையோ கரடியோ ஃபீல்டில் எதிர்ப்பட்ட நாள் வேறு கணக்கு. வனத்துறைக்குத் தகவல் கொடுத்து, ஆட்களை எண்ணி, வேறு ஃபீல்டுக்கு மாற்றிய பிறகுதான் எடை பற்றிய பேச்சு. நேரில் பார்த்தவரை மறுநாள் அதே ஓரத்து வரிசையில் நிறுத்தாதீர்கள். "தைரியமா இருங்க" என்பதைவிட, பேச்சுத்துணை உள்ள நடு வரிசை உதவும்.

9. நீங்கள் தீர்க்கக் கூடாதவை

பாலியல் தொல்லைப் புகார் வந்தால் சமாதானம் பேசாதீர்கள், இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், புகார் அங்கேதான் போக வேண்டும். புகார் கொடுக்கப் பொதுவான காலவரம்பு மூன்று மாதம் என்பதால், நீங்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அவருக்கு நஷ்டம்.

குடித்துவிட்டு மெஷின் பக்கம் வந்தவரை அன்றைக்கு விலக்கிவிடுங்கள், புத்திமதி மறுநாள். உயிரை விட்டுவிடுவேன் என்ற பேச்சு விளையாட்டாக வந்தாலும் தனியாக விடாதீர்கள். குடும்பத்துக்குச் சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைக்க உதவுங்கள். தமிழிலேயே பேசலாம்.

10. மூன்று மாதம் முடிந்ததும் சரிபார்ப்பு

"இப்ப எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மஸ்டரைப் பாருங்கள்: சொல்லாமல் நிற்பது குறைந்திருக்கிறதா, உங்கள் குழுவிலிருந்து மாற்றம் கேட்பவர்கள் எத்தனை பேர், முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது?

உங்களிடம் சொல்லப்படும் தவறுகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் செய்த ஆய்வில், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாயின. அங்கே மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் ஃபீல்டிலும் அப்படியா என்று பார்க்க, தவறு நடந்ததற்கும் உங்களிடம் சொன்னதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று எழுதிவாருங்கள். அந்த இடைவெளி சுருங்குகிறதென்றால் நல்ல அறிகுறி. யாருமே எதுவும் சொல்வதில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய்க் கோபக் கணக்கை மறுபடி தொடங்குங்கள்.

நோட்டைப் பற்றி ஒரு குறிப்பு. அதை ஆபீஸ் மேஜையில் போட்டுவைக்காதீர்கள், போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மாற்றலாகிப் போகும்போது அடுத்தவருக்கு யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த மருத்துவக் காரணத்தால் எந்த வேலை கூடாது என்ற பட்டியலை மட்டும் கொடுங்கள். மற்ற பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள், புதிதாக வருபவர் தன் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.